அடியில் படிந்த முட்டைகள்

ரக்னில்ட் அன்று காலைக் காப்பியைப் பாதியில் வைத்தாள். கண்ணாடித் தொட்டியின் அடியில் தட்டைமீன் முட்டைகள் ரவையைக் கொட்டினாற்போல் படிந்து கிடந்தன. நேற்றுவரை காற்றுக் குமிழோடு சுழன்றுகொண்டிருந்தவையும் இறங்கிவிட்டன. மேலே ஒன்றுகூட இல்லை.

அவள் இந்தத் தொழிலைப் பழகியது சுவீடனின் மேற்குக் கரையில், காட் என்ற கடல்மீனின் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் ஒரு பண்ணையில். நல்ல உப்புக் கடல் அது. அங்கே மிதக்கிற முட்டைக்குத்தான் உயிர், மூழ்கியது செத்தது. அது அழுகி மற்றதைக் கெடுப்பதற்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாளென்றால் தொட்டி பளிச்சென்று ஆகிவிடும். கல்யாணமாகிக் கிழக்கே கோட்லாந்து தீவுக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பிற்பாடு புருஷன் விட்டுப் போனான். பழக்கம் போகவில்லை.

இந்தக் குடாவில் தட்டைமீன் அருகிப்போய், புகைபோட்டுத் தின்னக்கூட ஆசைக்கு ஒன்று கிடைப்பதில்லை. ஊர் கூடிப் படகுக் கொட்டகையில் தொட்டிகளை வைத்து, விஷயம் தெரிந்தவள் என்று அவளிடம் ஒப்படைத்தது. வலைக்கார ஓல்லே வசந்தகாலம் முழுக்க நாயாய் அலைந்து பிடித்துவந்தது சினைமீன் இரண்டே இரண்டு. இந்த ஈடும் போனால் அடுத்த வருஷம் வலையில் விழ மீன் இருக்குமோ என்னவோ.

"என்ன மேற்குக்காரி, என் பிள்ளைங்க எப்படி இருக்கு?" ஓல்லே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"வாயை மூடு. எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு."

"உன் மூஞ்சியைப் பார்த்தா பாலே திரிஞ்சிடும். முட்டை பாவம் என்ன பண்ணும்?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆனால் கண் தொட்டியை விட்டு நகரவில்லை.

அவள் குழாயை எடுத்தாள். அடியில் கிடந்ததையெல்லாம் வாளியில் இறக்கினாள். தினமும் இதே வேலைதான். வாளியைக் கரைப்பாறையில் கவிழ்ப்பாள். அவள் காலடி கேட்டாலே கடற்காகங்கள் வந்து குவியும். வாளியைத் தூக்கப் போனபோது ஃபோன் அடித்தது. தாய்மீன்களின் துடுப்பில் நறுக்கி அனுப்பிய துண்டை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிற பெண், டூவே.

"ரக்னில்ட், அந்த ரெண்டும் நாம நினைச்ச வகை இல்லை. பார்க்க ஒரே அச்சுதான். ஆனா ஜீன் வேற."

"வேறன்னா?"

"ஆழத்துல முட்டை விடுற வகைக்கு முட்டை மிதக்கும், அங்க உப்பு ஜாஸ்தி. இது கரையோர வகை. இந்தச் சப்புன்னு இருக்கிற தண்ணிக்குத் தக்கபடி தலைமுறை தலைமுறையா மாறிப்போன மீன். இதோட முட்டை மிதக்கவே மிதக்காது. அடியில மணல்ல, கல்லுல கிடந்துதான் பொரியும்." டூவே சற்று நிறுத்தினாள். "நீ அடியில கிடக்கிறதை எடுத்துடலையே?"

ரக்னில்டின் வாயில் ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. ஃபோனை அப்படியே வைத்தாள். வாளியிலிருந்து நாலு முட்டையைத் தட்டில் விட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணாக இரண்டு கரும்புள்ளி. ஒன்று துள்ளிப் புரண்டது.

"ஐயோ! ஓல்லே, இது அடியில மணல்ல கிடந்துதான் பொரியுமாம். உன் மீனைப் பூரா உசுரோட பறவைக்குப் போட்டுட்டேன்."

அவன் வாளியை எட்டிப் பார்த்தான். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இந்த வாளி?" என்றான்.

"இது மட்டும் இருக்கு."

"அப்ப அழாதே. தட்டைக் கொண்டா."

அகலத் தட்டுகளில் மணல் பரப்பி, குடாத் தண்ணீர் விட்டு, கரண்டி கரண்டியாக முட்டைகளை இறக்கினார்கள். வாளியின் அடியை அவள் விரலால் வழித்து வழித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை வெறுங்கையோடுதான் கொட்டகைக்கு வந்தாள். அவள் காலடி கேட்டதும் கடற்காகங்கள் பாறையில் வந்து இறங்கி, எங்கே எங்களுக்கு என்பதுபோல் கத்தின. அவற்றின் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் உள்ளேயும் கேட்டது.