வீரபத்திரன் கேட்ட சத்தம்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நெடுங்காலம் லொறி ஓட்டியவர் வீரபத்திரன். அந்த வேலையை விட்டபின் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, சுற்றியுள்ள சிறு தோட்டங்களின் ரப்பர் பாலைப் பீப்பாய்களில் ஏற்றிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாகனம் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவர்தான் என்பது அவர் எண்ணம். அந்த ஒருவர் அவரே.

போன மழைக்காலத்தில் பிக்கப் சத்தம் போடத் தொடங்கியது. கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் அடியில் 'டொக்' என்று ஓர் இடி. ரிவர்ஸ் போட்டால் இன்னும் பலமாக.

கடைவீதியில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருப்பவன் ஆஸிக்; ஊரார் அவனை 'நானா' என்று கூப்பிடுவார்கள். அவன் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணே, உள்ளுக்கு விடுங்க. கீழ பூந்து ஒருக்காப் பாக்குறேன்."

"நீ சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடு நானா. இது வாகனம்" என்றார் வீரபத்திரன், வண்டியை நிறுத்தாமலே.

தானே வைத்தியம் பார்த்தார். முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். சத்தம் போகவில்லை. பின்பக்க ஸ்பிரிங் போல்ட்டுகளை இறுக்கினார். போகவில்லை. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃப்ரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் டிஃப்ரென்ஷியல் பல்தான் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிப் புது எண்ணெய் ஊற்றினார். சத்தம் அப்படியே இருந்தது.

எஞ்சினின் ஓட்டத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டையும் அவர் பார்க்காமல் இல்லை. பின்னாலிருந்து ஊர்ந்துபோய், அதன் பின் மூட்டைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. முன் மூட்டு கியர் பெட்டியை ஒட்டி இருந்தது. அதுவரை போக அவருடைய தொப்பை விடவில்லை. ஆகவே முன் மூட்டும் நல்லாத்தான் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் மனைவி பாக்கியம் பக்கத்து சீட்டில் போய்வருவாள். ஒருநாள் அவள் சொன்னாள்.

"பின்னால இல்லீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலதான் தட்டுது. என் காலுக்குத் தெரியுதுல்ல."

"பால் வெட்டுறவளுக்கு மரத்தப் பத்திப் பேசத் தெரிஞ்சாப் போதும்."



அடுத்த வாரம், பீப்பாய் நிறையப் பாலோடு தோட்டத்து ஏற்றத்தில் ஏறும்போது அடியில் எதுவோ உடைந்து தரையில் உரசியது. எஞ்சின் வீணாக அலறியது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. வீரபத்திரன் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துவிட்டது; அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு என்று அவர் அதைச் சரிசெய்யவே இல்லை. பாக்கியம் குதித்து இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தாள்.

"கால எடுங்க. நிக்குது."

"ஒன் கல்ல நம்பியா?"

அவள் டவுனுக்கு நடந்துபோய் ஆஸிக்கை அழைத்து வரும்வரை அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இறங்கியபோது கால் மரத்துப்போய்த் தடுமாறினார். அதற்குள் பீப்பாய்களில் பால் திரைந்து கட்டியாகியிருந்தது. அத்தனையும் ஊராருடைய பால்.

அடியில் படுத்திருந்த ஆஸிக் ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டை வெளியே நீட்டினான்.

"முன் மூட்டுக்குள்ள இருக்கிற குரோஸ் அண்ணே. முழுக்கத் தேஞ்சி உடஞ்சிடுச்சி. கையால ஆட்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

வீரபத்திரன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆஸிக் புது குரோஸ் போட்டுக் கொடுத்தான். சத்தம் அடியோடு நின்றது. பாக்கியம் மட்டும் அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை, பஸ்ஸில் போனாள்.

சில நாள் கழித்துத் தேநீர்க் கடையில், ஆஸிக் அடுத்த மேசையிலேயே இருக்க, வீரபத்திரன் எல்லாருக்கும் விளக்கினார்.

"டிஃப்ரென்ஷியல் எண்ணெய நான் மாத்துனேன்ல, அதுலதான் சத்தம் நின்னுச்சு. இவன் என்னத்தப் பண்ணுனான்?"

ஆஸிக் தேநீரைக் குடித்து முடித்து, எழுந்து கராஜுக்குப் போனான்.

"பாத்தீங்களா?" என்றார் வீரபத்திரன். "பதில் சொல்ல முடியல."