இருபத்தொரு கடலும் மீதி இரண்டும்

கருவாட்டை இரண்டாக ஒடித்து மூக்கருகே பிடிக்கிறார் ஷாஹுல். பிறகு ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மூட்டை இறக்கக் காத்திருக்கும் நான்கு பேரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். கண்ணைத் திறந்ததும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கருவாட்டுத் தூளைப் போட்டுக் கலக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். தூள் மேலே நிற்கிறது. அடியில் மணல் படிகிறது.

"உப்பு தேவலாங்க. மணலுதான் ஒரு விரக்கடைக்கு நிக்குது. வலை விரிக்காமத் தரையிலயே காய வச்சிருக்கானுங்க. திருப்பி உட்டுருங்க."

லாரி திரும்பிப் போகிறது. புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் அந்தக் கோழித் தீவன ஆலையில் கருவாட்டைப் பொறுத்தவரை ஷாஹுல் பாய் சொல்வதுதான் முடிவு. நாமக்கல் பக்கத்துக் கோழிகள் மக்காச்சோளத்தோடும் சோயாவோடும் கருவாட்டுத் தூளையும் கிளிஞ்சலையும் தின்றுதான் முட்டையிடுகின்றன. அந்தக் கருவாட்டில் உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடித்துக் கழியும். மணல் கூடினால் தீனியே வீண். முப்பது வருடங்களுக்கு முன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயிருக்கும் நல்லாந்துறையிலிருந்து ஒரு கருவாட்டு லோடோடு வந்தவர், சரக்கு பார்க்கத் தெரிந்த ஆள் என்று இங்கேயே நிறுத்திக்கொள்ளப்பட்டார். ராசிபுரத்தில் பெண் கட்டினார். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய வலது கட்டைவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும். அதன் ஓரத்தில் எப்போதும் சாம்பலும் பச்சையும் கலந்த சாயம். காய்ந்த வண்ணத்தைச் சுரண்டுவதற்கென்றே அதை வளர்த்திருக்கிறார். ஊரில் இளவயதில் படகுகளுக்குப் பெயரெழுதிய கை அது. இன்றைக்கு அது ஒன்றே ஒன்றைத்தான் வரைகிறது. வருடத்துக்கு ஒரு படம், நல்லாந்துறைக் கடல்.

மாசியில் கடல் அடங்கியிருக்கும். அப்போது நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவார். கரையோரத் தர்காவின் படிக்கட்டில், கீழிருந்து இரண்டாம் படியில் காலையில் உட்கார்ந்தால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். அங்கே கோட்டோவியத்தையும் நீர்வண்ணத்தையும் முடித்துக்கொண்டு, புதுச்சத்திரம் வந்து பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் ஏற்றுவார். படத்தின் முன்னால் தர்காவின் கடைசிப் படி தெரியும். நடுவில் வெள்ளைக்காரன் காலத்துச் சுங்கத் தூண் ஒன்று நிற்கும். அதற்கப்பால் தண்ணீர். பின்பக்கம் தேதியும் மணியும் எழுதிவைப்பார். கையெழுத்துப் போடுவதில்லை.

ஆலை முதலாளி தனபால் புதுச்சத்திரத்துக்காரர். பத்தேக்கர் தோட்டமும் உண்டு. முதல் படத்தைப் பார்த்தபோது அவருக்குத் திருப்தியில்லை.

"ஏனுங் பாய், கடலுன்னா நல்லா நீலமா இருக்க வேண்டாமுங்களா? இதென்ன நம்ம ஏரித் தண்ணியாட்டம் இருக்குது?"

"எங்கூருக் கடலு அப்படித்தானுங்க. ஆத்துச் சேறு வந்து கலக்குற கடலு. நீலம் வேணும்னா நீங்க ராமேசுவரம்தான் போகோணும்."

தனபால் தன் மகள் கல்யாணத்துக்கு மேடைக்குப் பின்னால் வைக்க, துள்ளும் மீன்களோடு ஒரு நீலக் கடல் கேட்டார். ஷாஹுல் மூன்று நாள் யோசித்துவிட்டு, "நா அந்தக் கடலப் பாத்ததில்லீங்களே" என்று சொல்லிவிட்டார். தனபாலுக்கு வருத்தம்தான். ஆனால் கருவாடு விஷயத்தில் அந்த நாக்கை நம்பிப் பழகியவர், அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மனைவி தஸ்னீமுக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். கல்யாணமாகி ஒரே ஒரு முறைதான் நல்லாந்துறைக் கரையில் நின்றிருக்கிறாள். "எனக்கு ஏரிக்கரை மேல நடக்கவே பயமுங்க. எங்கூட்டுச் செவுத்துல பாருங்க, இருவத்தொரு கடலு!" என்பாள் வருகிறவர்களிடம். கூடம், படுக்கையறை, சமையலறைக்குப் போகும் நடை எல்லாம் கடல்தான். அவள் தினமும் தூசு தட்டுகிறாள். தாளிக்கிற புகை படக்கூடாதென்று நடையிலிருக்கும் நான்கிற்கும் பழைய புடவையில் திரை தைத்துப் போட்டிருக்கிறாள்.

உண்மையில் படங்கள் இருபத்து மூன்று. மீதி இரண்டு நல்லாந்துறையில், அவருடைய அக்கா மஸ்தான் பீவி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தன. அந்த இரண்டால்தான் போன வருடம் ஒரு சங்கடம் வந்தது.

நல்லாந்துறையில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மஸ்தான் பீவியின் வீட்டுக்கு முன்னால் ஒரு காலத்தில் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. அவை போய், இப்போது அவள் வீடுதான் முதல் வீடு. கடலுக்குள் பாறைகளைக் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவு அமைத்துத் தந்தால் மணல் தங்கும் என்று ஊர்க்காரர்கள் பல வருடங்களாக மனுக் கொடுத்துவந்தார்கள். கரை அவ்வளவு தூரம் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரிகளிடமிருந்து கேள்வி வந்தது. ஆறேழு வருடத்துக்கு முந்தைய கைபேசிப் படங்கள் யாரிடமும் இல்லை. அதற்கு முந்தைய ஆல்பங்களைக் கஜா புயல் கொண்டுபோய்விட்டது. வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களில் நல்லாந்துறை ஒரு மங்கலான புள்ளி. கடைசியில் மஸ்தான் பீவிக்குத்தான் யோசனை வந்தது. தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஷாஹுலு, ஒங் கடலையெல்லாம் எடுத்துக்கிட்டு வாடா. இஞ்சினியரம்மா நேர்ல பாக்க வர்றாஹ."

தனபால் கருவாடு ஏற்றக் காலியாகப் போகும் லாரியைக் கொடுத்தார். படங்களுக்குத் தீவனச் சாக்கைச் சுற்றி, இடையே வைக்கோல் கொடுத்துக் கட்டினாள் தஸ்னீம். சுவர்களில் இருபத்தொரு வெள்ளைச் சதுரங்கள் மிஞ்சின. "வெறிச்சுன்னு இருக்குதுங்க. சீக்கிரம் கொண்டாந்துருங்க" என்றாள். பயமில்லாமல் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, கயிற்று முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

நல்லாந்துறை மீன் ஏலக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் படங்களை வருட வரிசையில் நிறுத்தினார்கள். ஊரே குனிந்து பார்த்தது. இல்லாமல் போன வீடுகளின் ஓடுகள், வலை உலர்த்தும் திடல், கவிழ்த்துப் போட்ட படகுகள். ஒருவர் தன் தகப்பனாரின் படகைக் கண்டுபிடித்து அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். படத்துக்குப் படம் தண்ணீர் தூணை நெருங்கி வந்தது. இரண்டாயிரத்துப் பதினெட்டில் தூணைத் தொட்டது. அதற்கடுத்து இரண்டு வருடங்களுக்குப் படம் இல்லாத இடைவெளி இருந்தது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஷாஹுல் நினைத்திருந்தார்.

அப்போது மஸ்தான் பீவி, கூடத்தில் மாட்டியிருந்த இரண்டையும் தலையில் சுமந்தபடி வந்து இறக்கினாள். முந்தானையால் துடைத்து, பின்பக்கம் தேதி பார்த்து, சரியாக அந்த இடைவெளியில் வைத்தாள். "இப்பத்தான் முழுசாச்சு" என்றாள்.

பொறியாளர் தீபிகா இளம் வயதுப் பெண். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்த இரண்டின் முன் நின்றார்.

"இது புயலுக்கு அப்புறம் வரைஞ்சதுதானே சார்? தூண் மறுபடியும் மணல்ல நிக்குது. மூணு தென்னை கூட இருக்கு. அப்படின்னா கரை தானாவே திரும்பி வந்திருக்கே?"

கரை தானாகத் திரும்புமென்றால் கல் எதற்கு? அதே சமயம், படம் பொய் என்றால் மற்ற இருபத்தொன்றையும் யார் நம்புவார்கள்? அக்கா ஷாஹுலைப் பார்த்துத் தலையை லேசாக, இடமும் வலமுமாக, ஒரே ஒரு முறை அசைத்தாள்.

புயலுக்குப் பிந்தைய மாசியில் அவர் ஊருக்கு வந்தபோது அவள் வீட்டின் முன்சுவர் இல்லை. படத்தின் ஓரத்தில் எப்போதும் வரும் அவள் வீட்டுத் தென்னை மூன்றும் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள், "தென்னை இல்லாம எங்கூட்ட வரைஞ்சிராதடா, என்னால பாக்க முடியாது" என்றாள். அவர் படிக்கட்டில் உட்காரவே இல்லை. புதுச்சத்திரத்துக்குத் திரும்பிவந்து நினைவிலிருந்து தென்னையை வைத்தார். தென்னைக்கு மண் வேண்டுமே என்று நாற்பதடி கரையையும் வைத்தார். அடுத்த வருடமும் அப்படியே. வழக்கப்படி பின்னால் தேதியும் மணியும் எழுதினார்.

"அது ரெண்டும் பொய்யுங்க" என்றார் இப்போது.

"பொய்னா?"

"இருந்தத வரையலீங்க. எங்க லாத்தா கேட்டாஹன்னு, ஊட்டுல உக்காந்து போட்டது. கரை திரும்பி வரல. மத்த இருவத்தொண்ணும் பாத்து வரைஞ்சது."

"அதை நான் எப்படி நம்பறது சார்?"

கூட்டத்தில் யாரோ அவரைத் திட்டினார்கள். ஷாஹுல் திரும்பவில்லை. குனிந்து, கட்டைவிரல் நகத்தால் முதல் படத்திலிருந்த தூணின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

"நெழலப் பாருங்கம்மா. காலையில வெயிலு கடல்லேருந்து வரும். நெழலு நம்மளப் பாத்து விழும். மணி ஏற ஏறக் குறுகும். பின்னால எழுதியிருக்க மணியோட ஒத்துப் பாருங்க. இந்த ரெண்டுல மட்டும் தூணுக்கு நெழலே இல்ல. பாக்காத நெழல என்னால போட முடியல."

தீபிகா தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் திருப்பி மணியைப் பார்த்தார், மறுபடி திருப்பி நிழலை அளந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் நகரவில்லை. பிறகு அந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டார். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "மேல எழுதறேன்" என்றார், அவ்வளவுதான்.

மஸ்தான் பீவி தன் இரண்டு படங்களையும் தூக்கிக்கொண்டாள். "யாரு ஒன்னெ கேட்டா?" என்றாள் தம்பியைப் பார்த்து. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த எட்டு மாதமும் ஷாஹுல் வேலைக்குப் போனார், வந்தார். தூரிகையைத் தொடவில்லை. சில நாள் மத்தியானத்தில் ஆலை வாசலில் நின்று, "இப்ப அங்க தண்ணி ஏறுற நேரம்" என்று மட்டும் யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வார். தஸ்னீம் வாரம் ஒரு முறை நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவாள். பேசி முடித்ததும் ஷாஹுல் பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்பார்: "என்னவாம்?"

"நல்லாத்தான் இருக்காங்களாம். உங்களக் கேக்கல."

"நா அதக் கேக்கல."

"கேட்டீங்க. கேட்டதுனாலதான் சொன்னேன்."

தை மாதத்தில் கல் ஏற்றிய லாரிகள் நல்லாந்துறைக்கு வரத் தொடங்கின. செய்தியைத் தனபால்தான் முதலில் கொண்டுவந்தார். கருவாட்டு லாரி ஓட்டுநர் சொன்னாராம். "கல்லு கொட்டறாங்களாமுங்க பாய்! உங்க படத்தப் பாத்துத்தானுங்களே?" ஷாஹுல், "எவ்வளவு தூரத்துக்குக் கொட்டறாங்களாம்?" என்று கேட்டார். தனபாலுக்கு அது தெரியவில்லை.

மாசி வந்தது. ராசிபுரம் இரும்புக் கடையில் நூறடி அளவு நாடா ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நேரே தர்காவுக்குப் போனார். படியில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்தவர், உடனே வரையத் தொடங்கவில்லை. நாடாவை எடுத்தார். அதன் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கரையில் யாரும் இல்லை. படியில் கல்லை வைத்து அழுத்திப் பார்த்தார். முனை நழுவிற்று.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மஸ்தான் பீவி வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவர் கையிலிருந்த நாடாவையும் பலகையிலிருந்த வெற்றுத் தாளையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாப்புட்டியா?" என்றாள்.

"இல்ல லாத்தா."

"எதுலேருந்து அளக்கணும்?"

"இந்தப் படியிலேருந்து. தண்ணி நிக்கிற எடம் வரைக்கும்."

அவள் முனையை வாங்கிக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, மணலில் நடந்தாள். நாடா அவர் கையிலிருந்து கரகரவென்று ஓடிற்று. ஈரக் கோட்டில் அவள் நிற்கவில்லை. அதைத் தாண்டி, கணுக்கால் நனைய, இன்னும் நான்கடி உள்ளே போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

ஷாஹுல் உள்ளங்கையைக் காட்டி, கரைப் பக்கம் வா என்று சைகை செய்தார். அவள் ஓரடி வந்தாள். அவர் மறுபடி கையசைத்தார். அவள் இன்னொரு அடி வந்தாள். ஈரக் கோட்டில் அவள் குதிகால் படும்வரை, அவர் கையை இறக்கவில்லை.