வேனுக்கு நான் எழுதிய சட்டம்

தராசு பழுதுபார்க்கிற கம்பெனியில் வேலை என்றால், எங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க முடியாமல் நிற்கிறவர்களின் கோபம் முழுக்கக் கண்டியில் கதிரையில் உட்கார்ந்திருக்கிற என் காதுக்குத்தான் வந்து சேரும். "எங்க இருக்கீங்க? இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நாள் முழுக்கப் போனில் கேட்டே தொண்டை வற்றிப்போன என் இனத்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் காத்திருக்கவே தெரியாது. குண்டசாலையிலிருந்து வரும் பஸ் வழியில் இரண்டு நிமிஷம் நின்றாலே ஸீட்டை விட்டு எழுந்துவிடுவேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, வேலை விஷயமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் எழுதச் சொன்னார் முதலாளி. இன்சூரன்ஸ்காரர்கள் எழுத்தில் கேட்கிறார்களாம். ஒரு வாரம் தவணை.

நூறு கிலோமீற்றர்

ஒரு வாரம் எதற்கு? அன்றைக்கே இன்டர்நெட்டில் தேடி, ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனியின் சட்டத்தை இறக்கித் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது. பனி கொட்டும் மாதங்களில் டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். வாசித்துப் பார்க்கப் பொறுமை இருந்தால்தானே!

மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாய் அலையும் எங்கள் மெக்கானிக் மோகன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று அதை இரண்டு தடவை வாசித்தான். டவுனைத் தாண்டிப் பேராதனைக்குப் போகவே அவனுக்கு முக்கால் மணி நேரம் போகிறது. திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "நூறுல போற ரோட்டை மட்டும் காட்டுங்க மிஸ், சங்கிலியை நானே வாங்கிக்கிறேன்."

வெளியாள்

கிழித்துப் போட்டுவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். "கம்பெனி வேனில் வெளியாட்களை ஏற்றக் கூடாது." நல்ல சட்டம்தானே? எங்கள் வேனை ஓட்டுவதும், தோட்டத்தில் இறங்கித் தராசைத் திறந்து பார்ப்பதும் சிவலிங்கம் அண்ணன். ஹேவாஹெட்டப் பக்கம் பிறந்தவர், வார்த்தைகளை எண்ணித்தான் பேசுவார். "சரி மிஸ்" என்று ஒரே சொல்லோடு போய்விட்டார்.

மறுநாளே கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை போன் பண்ணினார். கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நின்ற பொம்பளைகளைப் பார்த்தும் பார்க்காததுபோல எங்கள் வேன் போய்விட்டதாம். இன்சூரன்ஸ், வெளியாள் என்று நான் இழுத்தேன். மனுஷன் விடவில்லை. "யாரும்மா வெளியாளு? போன மாசம் மரம் விழுந்து உங்க வேன் மாட்டிக்கிட்டப்போ, வெட்டித் தள்ளி வழி விட்டது அவுங்கதானே!"

அந்த நாய்

அதையும் வெட்டிவிட்டேன் என்றாலும், மூன்றாவது விதியில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "ஓட்டும்போது போன் பேசக் கூடாது." சிவப்பு மையில் எழுதினேன். எத்தனை பேரோடுதான் இவர்கள் பேசிக்கொண்டு போகிறார்கள் பார்ப்போம் என்று சிவலிங்கம் அண்ணனின் போனை வாங்கி, வந்த அழைப்புகளைப் பார்த்தேன். மனைவி, கூட்டாளி, மச்சான் என்று வரிசையாக இருக்கும், நன்றாக நாலு கேள்வி கேட்கலாம் என்று நினைத்தேன். இருந்தது ஒரே பெயர். ஆபீஸ் மிஸ். ஆபீஸ் மிஸ். ஆபீஸ் மிஸ்.

விரல் சும்மா இருக்காமல் இரண்டு மாதம் பின்னுக்குப் போனது. ஹேவாஹெட்ட வளைவு ஒன்றில் எங்கள் வேன் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிய நாள் அது. குறுக்கே நாய் பாய்ந்தது என்று அவர் சொல்ல, அறிக்கை எழுதியது நான். விபத்து நேரம் மூன்று பத்து என்றும் நான்தான் எழுதியிருந்தேன். போனிலும் மூன்று பத்துக்கு ஓர் அழைப்பு இருந்தது. ஆபீஸ் மிஸ்.

அந்த வளைவில் ஒரு பக்கம் கான், மறு பக்கம் பள்ளம். கான் பக்கம் திருப்பியதால்தான் இந்த மனுஷன் இன்றைக்கு என் முன்னால் இருக்கிறார். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நாய் வந்துச்சா, என் போன் வந்துச்சா?" என்று கேட்டேன். மடியில் கிடந்த தராசில் ஆணியை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நாயின்னே இருக்கட்டும் மிஸ். நாய்க்கு யாரு மெமோ குடுக்கப் போறா?"

முதல் மெமோ

அன்றைக்குப் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் காலையில் விதியை மாற்றி எழுதினேன். வண்டி புறப்பட்டபின் ஆபீசிலிருந்து யாரும் அழைக்கக் கூடாது. ஓட்டுகிறவர் எங்காவது நிறுத்தும்போது ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும். மீறி அழைத்தால் அழைத்தவருக்கே மெமோ.

அதோடு பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "இதுல நாய்னு எழுதியிருக்கேன் சேர். நாய் இல்ல, நான்தான்." வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் இரண்டையும் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வாசித்தார். கையெழுத்தைப் போட்டு நீட்டிச் சொன்னார்: "முதல் மெமோவை உங்களுக்கே எழுதிக்குங்க. ரெண்டாவதையும் நீங்களே வாங்கிடாதீங்க."

பூட்டிய அலுமாரி

சட்டம் அமுலுக்கு வந்த முதல் நாளே ஹேவாஹெட்டயில் மழை. அங்கே ஒரு தோட்டத்தில் தராசு செத்துக் கிடந்தது. சிவலிங்கம் அண்ணன் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டார். ஒன்றரைக்கு மிஸ்ட் கோல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து ஆபீஸ் போனுக்கு அழைத்துக் கத்தினார்கள்: கொழுந்து குவிந்து கிடக்கிறது, பனிமூட்டம் வேறு, உங்கள் ஆள் எங்கே? நான் என்னத்தைச் சொல்ல?

என் கை தானாக என் மொபைலுக்குப் போனது, அவர் நம்பர் அதில்தான் இருந்தது. எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் அதை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை மோகனிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தராதே என்றேன். பத்து நிமிஷத்தில் கெஞ்சினேன். அவன் தரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன், ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போனது. அந்தப் பள்ளம்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழைக்காததால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு மனசு. அழைத்தால்தான் ஆகும் என்று இன்னொரு மனசு. பாவி, இத்தனை வருஷமும் இந்தத் தவிப்பையெல்லாம் அந்த மனுஷனின் காதில் அல்லவா கொட்டிக்கொண்டிருந்தேன்!

மூன்றேகாலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து சிவலிங்கம் அண்ணன். அவர் போனில் காசு முடிந்து, மிஸ்ட் கோல்கூடக் கொடுக்க முடியவில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றேன். அவர் வழக்கத்தைவிட நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். "அந்த வளைவுல முன்னுக்கு ஒண்ணுமே தெரியல மிஸ். ஓரங்கட்டி, மூட்டம் விலகுற வரைக்கும் நின்னேன். பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் நின்னுருக்கேன்."

ஆக, நான் எழுதிய பதினான்கு விதிகளில் ஓர் உயிருக்காவது உதவியது, வண்டியே ஓட்டத் தெரியாத ஒருத்தி போனைத் தொடக் கூடாது என்ற ஒரே விதிதான்.