நான் செய்து கொடுத்த புராஜெக்டுகள்

பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னைக் காந்திபுரத்தில் ஒரு புராஜெக்ட் சென்டரில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அவர் சூலூரில் விசைத்தறி ஓட்டுபவர். என்னைக் காலேஜுக்கு அனுப்ப அப்போது வழியில்லை.

இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் மாணவர்கள் தாங்களாக ஒரு கருவியோ மென்பொருளோ செய்து, அதைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவர்களுக்கும் செய்ய மனமில்லாதவர்களுக்கும் நாங்கள் செய்து கொடுத்தோம். கருவி, அறிக்கை, பைண்டிங், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய பதில்கள், எல்லாம் சேர்த்து ஒரே விலை.

முதலில் பழைய அறிக்கைகளுக்குப் புதுத் தலைப்பு அடிப்பதுதான் என் வேலை. போன வருஷம் தென்னந்தோப்புக்குத் தானாக நீர் பாய்ச்சிய கருவி இந்த வருஷம் வாழைத்தோப்புக்குப் பாய்ச்சும். ஒருமுறை ஒரு அத்தியாயம் முழுக்கத் தென்னையை மாற்ற மறந்துவிட்டேன். அந்த அறிக்கை நல்ல மதிப்பெண் வாங்கியது. யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

சென்டரில் கருவி செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அந்த மேசை எனக்கு வந்தது. எனக்குப் பாடம் எடுக்க ஆளில்லை. இணையத்தில் பார்த்துப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, சர்க்யூட் போர்டுகளைக் கருக்கித்தான் கற்றேன். ஒரு வருஷத்தில் நானே புரோகிராம் எழுதி, நானே ஒயர்களைப் பற்றவைத்து, அது எப்படி ஓடுகிறது என்று மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு வந்தேன். சொல்லிக் கொடுப்பது என்பது பெரிய வார்த்தை. அவர்களுக்குப் பதில்கள் போதும்.

ஒரு பையன் தன் அம்மாவோடு வந்தான். கருவியைக் கையில் வாங்கி, "அக்கா, இதுல முன்பக்கம் எதுங்க?" என்றான். நான் விளக்க ஆரம்பித்ததும் அந்த அம்மா குறுக்கே வந்தார்.

"அவனுக்கு எங்கீங் கண்ணு நேரம்? இன்டர்வியூ கிளாஸு, இங்கிலீஷ் கிளாஸுன்னு ஓடிக்கிட்டே இருக்கறான். நீ பேப்பர்ல எழுதிக் குடுத்துப்போடு, மனப்பாடம் பண்ணிக்குவான்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, சிங்காநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவனுடைய காலேஜின் பிளக்ஸைப் பார்த்தேன். சிறந்த புராஜெக்ட் விருது. கோட்டு போட்டுக்கொண்டு, நான் செய்த கருவியைத் தலைகீழாகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமை வரவில்லை. சோற்றில் முடி கிடந்ததைப் பார்த்ததுபோல் இருந்தது. அவன்மேல் வந்ததைவிட அதைச் செய்த என் கைமேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது.

வேறு வேலை தேடினேன். சரவணம்பட்டியில் ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம், எனக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு முன்னால், "டிகிரி என்னங்க?" என்று கேட்டார்கள். ஆகவே சென்டர் வேலையை விடாமல் மாலைக் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்தேன். பாதி வகுப்புகளில் கைடைத் திறந்துவைத்து வாசித்தார்கள். கணக்கு மேடம் ஒருவர் மட்டும் நிஜமாகவே நடத்தினார். நான் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்த பல காரியங்களுக்கு ஏன் என்ற காரணம் அவர் வகுப்பில்தான் விளங்கியது. அதை நானாகக் கற்றிருக்க முடியாது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசி வருஷம் நானும் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. அப்பாவின் தறி ஒரு நாளில் எத்தனை முறை நிற்கிறது என்று அதன் அதிர்வை வைத்துக் கணக்கிடும் கருவி ஒன்றைச் செய்தேன். அது சரியாக வேலை செய்யவில்லை. அப்பாவின் தறி நின்றாலும் பக்கத்துத் தறியின் அதிர்வு தரைவழியாக வந்து, ஓடுவதாகவே காட்டியது. நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். ஏன் தவறுகிறது என்பதை அப்படியே எழுதினேன். என் பெயரில் நான் எழுதிய முதல் அறிக்கை அது.

வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"எந்த சென்டர்ல வாங்குனீங்க அம்மணி?"

"நானே செஞ்சதுங்க சார்."

"அதானே பாத்தேன். காசு குடுத்து வாங்கியிருந்தா ரிசல்ட் இப்படி இருக்காது. வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர் கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது?" மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். "இங்க போங்க. நான் அனுப்புனேன்னு சொல்லுங்க, நல்லா செஞ்சு தருவாங்க."

நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த சென்டரின் கார்டு. சிரிப்பு வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி. "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். சென்டருக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை அழித்தேன். கருவி எல்லா முறையும் சரியாகக் கணக்கிட்டது என்று எழுதினேன். எண்களுக்கு ஒரு அட்டவணையும் போட்டேன். அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தனை பழக்கம். அவ்வளவு தூரம் மாணவர்களைக் கேவலமாக நினைத்தவள், அவர்களைவிடச் சுத்தமாகப் பொய் எழுதினேன். முதல் வகுப்பில் தேறினேன்.

டிகிரி கைக்கு வந்ததும் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிழை தேடும் டெஸ்டிங் வேலை கிடைத்தது. அவர்கள் சான்றிதழைச் சரிபார்த்தார்கள். ஆனால் வேலையில் என்னைக் காப்பாற்றியது கருகிய போர்டுகளோடு கழித்த காலம்தான். எது எங்கே கெடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்ய என்னையும் உட்கார வைக்கிறார்கள். நான் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "உங்க புராஜெக்ட்ல எது சரியா வரலை?"

"அப்படி எதுவுமில்லீங் மேடம், எல்லாமே கரெக்டா வந்துச்சுங்க" என்கிறார்கள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். போன வாரம் ஒரே நாளில் ஒன்பது பேர் அப்படிச் சொன்னார்கள். ஆள் தேவை என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஆறு பேரைத் தேர்வு செய்து கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கேன்டீனுக்குப் போனேன். டீயை வாயில் வைக்க முடியவில்லை.