மாமா பேசியது ஒளிபரப்பாகவில்லை

நடந்தவை, வரிசையாக:

1. கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவின் வயல் வழியே எரிவாயுக் குழாய் பதிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.
2. நான் வேலை பார்க்கும் செய்தி சேனலின் நிருபரை அங்கே வரவழைத்தேன்.
3. மாமா வரப்பில் நின்று மைக்கில் பேசினார்.
4. மனு எழுதவில்லை.
5. மாமா டிவியில் வந்தார்.

நான்காவதற்குக் காரணம் நான்தான். “மனுவும் ஒண்ணு எழுதிக் குடுத்துடவா பாப்பா?” என்று மாமா கேட்டார். “டிவியில வந்தா கலெக்டரே பார்ப்பாரு மாமா. அதுக்கு மேல என்ன மனு?” என்றேன். அவரும் சரி என்றார். எங்கள் பக்கத்தில் இது விசித்திரமான நம்பிக்கை இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம், டிவியில் ஒரு வரி ஓடிய மறுநாளே பொதுப்பணித்துறை ஜீப் வாய்க்கால் கரையில் வந்து நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த மனு எங்கே போனது என்று யாரும் பார்த்ததில்லை.

அந்த நிலம், குத்தகைக்காரராக இருந்த தாத்தாவின் பெயருக்குப் பல வருஷ வழக்குக்குப் பிறகு வந்தது. மாமாவுக்கு வேறு நிலம் இல்லை. பள்ளம் தோண்டினால் வடிகால் அடைபடும், வடிகால் அடைபட்டால் ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் அழுகும். மாமா மைக்கில் சொன்னது இவ்வளவுதான். “தண்ணி இப்படி வந்து, இப்படிப் போவணும்” என்று கையை நீட்டி, வளைத்து, தெற்கே காட்டினார். அழகாகப் பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செய்தி வரும் என்று சொன்ன அன்று விடுமுறையில் ஊரில் இருந்தேன். மாமா வீட்டு டிவி பழுது. கடைத்தெருவில் பாயின் டீக்கடைக்குப் போனோம். வளைகுடாவில் இருக்கும் அவருடைய தம்பி வாங்கி அனுப்பிய பெரிய டிவி அங்கே இருந்தது.

“வாங்கண்ணே, இன்னிக்கு நீங்கதான் ஹீரோ” என்றார் பாய்.

“பவுடர் போட்டுக்கிட்டுப் பேசியிருக்கலாம்ல மச்சான்? அந்த மூஞ்சியப் பார்த்தா கலெக்டர் பயந்துருவாரு” என்றார் மாமாவின் பக்கத்து வயல்காரர்.

செய்தி முடிந்தது. மாமா வரவில்லை. அதன்பின் தொடங்கிய ஒரு சிறப்பு நிகழ்ச்சியில் வந்தார். கடையே கைதட்டியது. திரையில் மாமா சிரித்த முகத்தோடு கையை நீட்டி, வளைத்து, தெற்கே காட்டினார்.

“பாய், சத்தத்தைக் கூட்டுங்க!”

“ஃபுல்லாத்தாங்க வச்சிருக்கேன். மியூசிக்தான் வருது.”

இசைக்கு மேலே ஒரு பெண் குரல், டெல்டா விவசாயிகள் வளர்ச்சியை இரு கரம் நீட்டி வரவேற்கிறார்கள் என்றது. அந்தக் கையைத்தான் சொன்னது. ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினார்கள். பாய் டிவியை அணைத்துவிட்டு, யாரும் கேட்காமலே டீ ஆற்ற ஆரம்பித்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

கடைக்கு வெளியே வந்து நிருபருக்கு போன் செய்தேன்.

“நான் முழுசாத்தான் அனுப்பினேன் மேடம். அது நம்ம முதலாளியோட குழாய். உள்ளேயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. சேனல் கைமாறியது தெரியும். புது அடையாள அட்டை கொடுத்தார்கள், கழுத்துப் பட்டையின் நிறம் மாறியது. வாங்கியவர்களுக்கு வேறு என்னென்ன தொழில் என்று நான் கேட்கவில்லை. ஒளிபரப்பு அறையில் என் வேலையே, வரும் ஒவ்வொரு சிக்னலும் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்ப்பதுதான்.

எந்த டிவி எந்தக் கட்சியுடையது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஆளும் கட்சி டிவி நல்ல விளைச்சல் என்றால், எதிர்க்கட்சி டிவியையும் பார்த்துவிட்டு நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் சேனலுக்குக் கட்சி இல்லை. அதனால் அதை அப்படியே நம்பினார்கள். “நம்ம பாப்பா வேலை பார்க்கிற டிவி, நடுநிலை” என்று மாமா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கம்பெனிக்குக் கொடி இல்லை, கரை வேட்டி இல்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தால்தானே பதிலுக்கு நாலு கேள்வி கேட்க முடியும்?

மறுநாள் மனு எழுதி, நோட்டீஸ் அனுப்பிய ஆபீசுக்கு நானும் மாமாவோடு போனேன்.

“நாள் போச்சுங்களே” என்றார் அங்கிருந்த எழுத்தர். பிறகு மாமாவை உற்றுப் பார்த்தார். “நேத்து டிவியில வந்தது நீங்கதானே? வரவேற்கிறோம்னு அங்க சொல்லிட்டு, இங்க மனு குடுக்கிறீங்க?”

“நான் அப்படிச் சொல்லலைங்க” என்றார் மாமா. அதை நிரூபிக்கும் பதிவு சேனலின் சர்வரில் இருந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் தேடினேன். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. திறக்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. நான் மறுபடி எழுதவில்லை.

இன்றைய நிலை: குழாய் பதித்து மண் தள்ளிவிட்டார்கள். வடிகால் பாதி தூர்ந்து கிடக்கிறது. மாமா வழக்குப் போட்டிருக்கிறார். நிகழ்ச்சியில் வந்த அவருடைய படத்தைத்தான் எதிர்த்தரப்பு ஆதாரமாகக் கொடுத்திருக்கிறது. நான் அதே சேனலில் வேலை பார்க்கிறேன்.