வரிசையில் விட்ட இடம்

எங்கள் ஊர் பேண்டு செட்டுக்குப் பெரிதாக விழா எடுத்து மலர் ஒன்று போட்டார்கள். வழவழப்பான காகிதம். முதல் பக்கத்தில் பேண்டைத் தொடங்கிவைத்த வெள்ளைக்காரச் சாமியார் தாடியோடு நிற்கிறார். அடுத்த பக்கத்தில் பேண்டு மாஸ்டரான என் மாமனார், நெஞ்சில் பதக்கத்தோடு. யுத்த காலத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் டிரம்பெட் வாசிப்பவர் மாறினார் என்று. மாறினாராம். சட்டை மாற்றுகிற மாதிரி. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாற்றிக் கொடுத்தவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே, வரதராசன்பேட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள்தான். அந்த வெள்ளைக்காரச் சாமியார் தன் நாட்டிலிருந்து பதினோரு வாத்தியங்களைக் கப்பலில் வரவழைத்தார். அரியலூர் ஸ்டேஷனில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கடலை வெட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சீட்டி அடித்துக் காட்டியே பன்னிரண்டு பாட்டுகள் சொல்லிக்கொடுத்தாராம். அவர் போன பிறகு பதின்மூன்றாவது பாட்டை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. மாதா தேருக்கும் அந்தப் பன்னிரண்டுதான், பெரம்பலூர் வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தப் பன்னிரண்டுதான். லெப்பைக்குடிகாட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் அதேதான். வேகமாக வாசித்தால் கல்யாணம், மெதுவாக வாசித்தால் சாவு. கேட்பவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டு பன்னிரண்டோடு நின்றதே தவிர, சட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. அதில் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். பேண்டில் இருக்கிறவர் செத்துப்போனால், எங்கள் பக்கத்தில் தூம்பா என்று சொல்கிற கோவில் பொதுச் சவப்பெட்டியின் மேல் அவருடைய வாத்தியத்தை வைத்துத் தூக்கிப் போவார்கள். அடக்கம் முடிந்ததும் செத்தவருடைய பெண்சாதி, அவள் இல்லாவிட்டால் தாயார், அந்த வாத்தியத்தை எடுத்து அடுத்து வாசிக்கப்போகிற ஆள் கையில் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் இன்னொருவர் அதில் வாய் வைக்கக் கூடாது. ஆள் காய்ச்சலில் கிடந்தால்கூட அவருடைய இடத்தை வரிசையில் காலியாக விட்டுத்தான் நடப்பார்கள். ஒரு தடவை பெரிய டிரம் அடிப்பவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். மூன்று மாதமும் பெரிய டிரம் இல்லாமலே கல்யாணங்களுக்குப் போய்வந்தார்கள். அதை இன்னமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது பேண்டு மாஸ்டருடைய மூத்த மகனுக்கு. அவர்தான் டிரம்பெட். கல்யாணத்துக்கு முன்னாலேயே திருவிழாக்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு வாசிப்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

யுத்தம் தொடங்கியது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டம் ஒன்று அரியலூரில் நடந்தது. கூட்டம் கூட்ட எங்கள் பேண்டைக் கூப்பிட்டார்கள். துரை வருகிறார் என்றதும் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். கல்யாணப் பாட்டை வேகமாக வாசித்தார்கள். தெருத் தெருவாகப் பையன்கள் பின்னால் வந்தார்கள். மேடையில் பேசியவர், பட்டாளத்திலும் பேண்டு உண்டு, இந்த மாதிரி வாசிக்கிற ஆளை ராஜா மாதிரி வைத்துக்கொள்வார்கள் என்று டிரம்பெட்டைக் காட்டிச் சொன்னாராம். அங்கேயே என் வீட்டுக்காரர் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். ஊரான் பிள்ளைகளை இழுக்க வாசிக்கப் போன மாமனார், சொந்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"மெடல் குடுத்தாங்க ஆயி. பெட்டியில பத்தரமா வையி."

கடிதம் மூன்று வந்தன. இரண்டாவதில், இங்கே பேண்டு இருக்கிறது, ஆனால் அதில் எனக்கு இடமில்லை, மண்வெட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அப்புறம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து அச்சடித்த தாள் ஒன்று வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, காணவில்லை என்று போட்டிருக்கிறது என்றார். செத்துவிட்டாரா என்று கேட்டேன். அப்படிப் போடவில்லை என்றார்.

அவர் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்தே பேண்டு வரிசையில் இரண்டாவது இடம் காலி. டிரம்பெட் எங்கள் வீட்டுச் சுவரில் துணி உறையில் தொங்கியது. திருவிழாவில் தேருக்கு முன்னால் பேண்டு வரும். சனங்கள் அந்தக் காலி இடத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். தவறாமல் ஒவ்வொரு தடவையும். நான் பூ வைத்திருக்கிறேனா, நல்ல சேலை கட்டியிருக்கிறேனா என்று கணக்கெடுப்பார்கள். வைத்திருந்தால் புருஷன் என்ன ஆனான் என்றே தெரியவில்லை, இவளுக்குப் பூ ஒரு கேடா என்பார்கள். வைக்காவிட்டால் இவளே முடிவு கட்டிவிட்டாள் பார் என்பார்கள். அந்தத் தெருவில் எனக்குத் தலையில் எது இருந்தாலும் தப்புதான்.

டிரம்பெட் இல்லாத பேண்டை யார் கூப்பிடுவார்கள். பெரம்பலூரில் கிராமபோன் தட்டுப் போட்டு ஒலிபெருக்கி வைத்துக் கல்யாணம் நடத்த ஆரம்பித்தார்கள். ஓட்டைப் பேண்டு என்று எங்களுக்குப் பெயர் வந்தது. வேறு டிரம்பெட் வாங்கலாம் என்றால் யுத்தத்தில் குண்டூசிகூடக் கிடைக்கவில்லை. இப்படியே இரண்டே முக்கால் வருஷம் ஓடியது. அந்த வருஷம் திருவிழாவுக்கு, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் வருகிறார் என்று செய்தி வந்தது. மேற்றிராணியாருக்கு முன்னால் ஓட்டை வரிசையோடு எப்படி நடப்பது என்று பேண்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். சும்மா வேறு ஆளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. சட்டத்தை மீறுவதைவிட ஆளைச் சாகடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

மாமனார் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தூம்பாவ வச்சு ஒரு பூச பண்ணிடலாம்னு இருக்கோம் ஆயி. நீ எடுத்துக் குடுத்தாத்தான் சின்னவன் வாசிக்க முடியும்."

சின்னவன் என்றது என் கொழுந்தனை. அவனுக்கு அப்போது இருபது வயது.

"செத்துட்டாருன்னு யாரு மாமா சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கும் அவன் புள்ளதான். முன்னால நடக்குறவன் நான். திரும்பிப் பாக்கலன்னாலும் அந்த எடம் எனக்குக் கேக்குது. என்னால முடியல."

சாமியாரிடம் போனார்கள். அப்போதிருந்தவர் நம் ஆள்தான், நல்லவர்.

"காணலன்னா செத்ததா ஆவாது. அவனுக்காகப் பூச வைக்கிறேன். அடக்கம்னு அதுக்குப் பேரு வச்சுடாதீங்க" என்றார்.

இவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். வந்ததும் தூம்பாவைத் துடைக்க ஆள் அனுப்பினார்கள்.

எல்லாம் என் ஒரு வார்த்தையில் நின்றது. நான் மாட்டேன் என்றால் டிரம்பெட் சுவரிலேயே தொங்கும், வரிசையில் இடம் அப்படியே இருக்கும். என் கழுத்தில் தாலியும் இருக்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டேன். என்னை வற்புறுத்தினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் யாரும் வற்புறுத்தவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த ஓர் ஆள் அகலத்துக்கு நான் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தது. அதை யாராவது அடைத்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. அவர் செத்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. நம்பாமலே சரி என்று சொன்னேன்.

வெறும் தூம்பாவைக் கறுப்புத் துணி போர்த்திக் கோவிலில் வைத்தார்கள். மேலே டிரம்பெட். பூசை முடிந்ததும் சாமியார் உள்ளே போய்விட்டார். இவர்கள் தூம்பாவைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தார்கள். பேண்டு மெதுவாக வாசித்தது. குழி வெட்டவில்லை. தரையில் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிரம்பெட்டை எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் பெண்கள் தாலியைக் கழற்றினார்கள். மேற்றிராணியார் வந்தார். பேண்டு பிரமாதம் என்றாராம்.

யுத்தம் முடிந்து எட்டு மாதத்தில் அவர் வந்தார். அரியலூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எதிரில் வந்த கோவில் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு பருத்திக் கொல்லைக்குள் இறங்கி ஓடினாராம். நான் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக ஒரு ஆள் வந்து நின்றார். என் கழுத்தைப் பார்த்தார்.

மறுநாளே சாமியார் கூப்பிட்டு மறுபடியும் தாலி கட்டவைத்தார். ஊரே சிரித்துச் சந்தோஷப்பட்டது. செத்துப் பிழைத்த மாப்பிள்ளை என்று கேலி பேசினார்கள். சாயங்காலம் கொழுந்தன் டிரம்பெட்டைத் துடைத்து எடுத்துவந்து அண்ணன் முன்னால் நீட்டினான். "நீ வாசிண்ணா" என்றான். இவரும் கையை நீட்டினார். மாமனார் நடுவில் வந்தார்.

"கல்லறையில குடுத்தது. திரும்பி வாங்கப்படாது. சட்டம் அப்படி."

"நான் உசுரோடதானப்பா இருக்கேன்."

"இருக்க. சாமி புண்ணியம். அதுக்காவ சட்டத்த மாத்த முடியுமா? தாளம் எடுத்துக்க. தாளத்துக்கு ஆளு தேவதான்."

அந்தக் கிழவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மகனைக் கட்டிக்கொண்டு காலையிலெல்லாம் அழுத மனிதர் அவரேதான். பேண்டுக்காரர்கள் பத்துப் பேரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு டிரம்பெட் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் கொல்லையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். குனிந்தபடியே கேட்டார்.

"எடுத்துக் குடுத்தது நீதானே?"

சட்டம் அவருக்கும் தெரியும். வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

"நான்தாங்க."

"மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பருத்தியை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்.

"அங்க ஜப்பான்காரன் கேம்புல தெனமும் ரெண்டு பேரு மூணு பேரு செத்தாங்க. காச்ச வந்து கெடந்தேன். சோறு கெடையாது. சாவறது சுலுவா இருந்துச்சு புள்ள. நம்மூர்ல எனக்கு எடம் விட்டு நடந்துக்கிட்டு இருப்பாங்க, நான் போயிச் சேரலன்னா அந்த எடம் அப்படியே கெடக்கும்னு நெனச்சுக்குவேன். அத நெனச்சுத்தான் எந்திரிப்பேன்."

கடைசியாக அப்படி எழுந்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னார். அதற்குள் நான் டிரம்பெட்டை எடுத்துக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.