கோயிலில மட்டும் சொன்ன பிளேன்

எங்கட வீட்டு முத்தத்தில ஒரு வருசத்துக்கு மேல ஒரு பிளேன் நிண்டது. சிரிக்காதேங்கோ. பள்ளிமுனையில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், பிளேன் வீடு எண்டால் எடித் வீடு. இப்ப அந்த இடத்தில மூண்டு குழிதான் கிடக்கு, பிளேன்ர சில்லு நிண்ட குழி. மழை பெஞ்சால் தண்ணி நிக்குது. மண் போட்டு மூட என்ர மனிசன் விடுறாரில்லை. நானும் கேக்கிறேல்லை.

மனிசன்ர பேர் சந்தியோகு. போட் எஞ்சின் திருத்துறவர். வாயில்லாத மனுசன், ரெண்டு பேருக்குமான வாயை ஆண்டவர் எனக்கே தந்து விட்டிட்டார். எஞ்சின் எண்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கலியாணம் கட்டி ஒரு கிழமை முடியமுதல் என்ர தையல் மெசினைக் கழட்டிப் பாத்த ஆள், வேற என்ன சொல்ல. பிள்ளையள் ரெண்டும் வெளிநாடு போனாப்பிறகு வீட்டின்ர முன்பக்கத்து மூண்டு அறையையும் கெஸ்ற் ஹவுஸ் ஆக்கினனாங்கள். பூநாரை பாக்க வாற ஆக்கள் வந்து தங்குவினம் எண்டு நினைச்சம். வந்ததை விட வராத நாள்தான் கூட.

அப்பதான் பழைய இரும்பு ஏவாரி றொகான் வந்து ஒரு கதை சொன்னவன். மறிச்சுக்கட்டிப் பக்கம் காட்டுக்க ஒரு பழைய ஆமிப் பிளேன் கிடக்காம், செட்டை ஒண்டு முறிஞ்சு, பாப்பாரில்லாமல். வெட்டி அலுமினியமா விக்கப் போறன், விருப்பமெண்டால் முழுசாத் தாறன் எண்டான்.

"உன்ரயோ அது?" எண்டு கேட்டன்.

"அக்கா, காட்டுக்க கிடக்கிறது ஆற்ற? கண்டவன்ர."

சந்தியோகு போய்ப் பாத்திட்டு வந்தார். பிறகு, "எடித், எஞ்சின் இன்னும் உள்ளுக்க கிடக்கு" எண்டார். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயசில அந்த முகத்தில அப்பிடி ஒரு சந்தோசத்தை, புழுகத்தை நான் கண்டதில்லை. எனக்கும் புழுகம்தான், ஆனால் என்ர புழுகம் வேற. முத்தத்தில பிளேன் நிண்டால் படம் எடுக்கச் சனம் வரும், அறை நிரம்பும்.

பயமில்லாமல் இல்லை. மனிசன் விமானப்படைக் காம்பில போய் விசாரிச்சவர், அவையின்ர புத்தகத்தில அப்பிடி ஒண்டு இல்லையாம். அரசாங்கக் கந்தோரில கேட்டவர், எங்கடதில்லை எண்டிச்சினம். அப்ப ஆற்றதான் அது?

இஞ்ச ஒரு முறை இருக்கு. கடலில தனிச்சு மிதந்து வாற வலையையோ வள்ளத்தையோ ஆரும் கரைக்குக் கொண்டுவந்தால் சும்மா எடுக்கேலாது. எங்கட வேதக் கோயிலில மூண்டு ஞாயிறு பூசைக்குச் சொல்லோணும், பள்ளிவாசலில மூண்டு வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குச் சொல்லோணும். ஏனெண்டால் கடலுக்குப் போற ஆக்கள் ரெண்டு பக்கமும் இருக்கினம். ஒருத்தரும் வராட்டில் எடுத்தவருக்கு. அதுக்கு மேல பொலிசும் இல்லை, கோடு வழக்கும் இல்லை.

"பிளேனுக்கும் அப்பிடியே செய்வம்" எண்டன் நான். பிளேனுக்குக் கோயில் அறிவித்தல்! பாதருக்கே சிரிப்பு வந்திட்டுது. மரியாயின் சேனை எண்ட கோயில் சபையில இருக்கிறபடியா அறிவித்தல் வாசிக்கிறதும் நான்தான். "மறிச்சுக்கட்டிக் காட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய விமானத்துக்கு உரிமை கோருவோர் யாரும் இருந்தால்" எண்டு தெளிவா, நிறுத்தி வாசிச்சன். பின்வாங்கில விழுந்து விழுந்து சிரிச்சவை.

ரெண்டாம் ஞாயிறு பூசை முடிய, சந்தியோகு மெல்லமாக் கேட்டார்: "பள்ளிவாசலிலயும் குடுப்பமே?"

"விசரோ உங்களுக்கு?" எண்டன். "அங்க சொன்னால் உடனே ஆரும் வந்து நிப்பினம்."

இதை நான்தான் சொன்னனான், என்ர இந்த வாயால. மறிச்சுக்கட்டி ஆற்ற ஊர்? சண்டைக் காலத்தில, தொண்ணூறில, இயக்கம் உடுத்த உடுப்போட வெளிக்கிட வைச்ச முஸ்லிம் சனத்தின்ர ஊர். நாங்கள் காடு எண்டு சொல்லுறது அவையள் இல்லாமல் காடாப்போன இடம். இப்பதான் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்து குடியிருக்கினம். அது எனக்குத் தெரியாமலில்லை. தெரிஞ்சபடியாத்தான் அந்தப் பக்கம் வாய் திறக்க வேண்டாம் எண்டனான். உரிமைக்காரர் இருக்கிற இடத்தை விட்டிட்டு, இல்லாத இடத்தில மூண்டுதரம் கேட்டிட்டு, "பாத்தியளோ, ஒருத்தரும் வரேல்ல" எண்டு நெஞ்சை நிமித்தினன். சீ!

றொகான்ர லொறியில பிளேனைத் தூக்கினது ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கு. ஆம்பிளையள் எல்லாம் ஜும்ஆவில நிக்கிற நேரம், றோட்டில ஆளிராது. அதுகும் என்ர மூளைதான். சில்லுத் தடத்தை மூடி, முள்ளு வெட்டிப் பரப்பிப் போட்டு வாங்கோ எண்டு சொல்லிவிட்டதும் நான்தான்.

அறை நிரம்பினது உண்மை. சந்தியோகு செட்டையைப் பொருத்திப் பச்சைப் பெயின்ற் அடிச்சார். வேலை முடிஞ்சு வந்தால் எஞ்சினுக்க தலையை விட்டபடிதான் நிப்பார். நான் வாறவை போறவைக்கெல்லாம் வாய்க்கு வந்தபடி அளந்தன். கேட்டவை கைதட்டினவை.

போன வைகாசியில ஒரு காலமை, குடையோட ஒரு முஸ்லிம் உம்மா கேற்றடியில நிண்டா. எழுபது வயசிருக்கும்.

"பிளேனப் பாக்கலாமா தங்கச்சி? நான் மறிச்சுக்கட்டி ஆசியா உம்மா."

ஊர்ப்பேர் காதில விழாத மாதிரிக் கேற்றைத் திறந்தன். "பாருங்கோ உம்மா" எண்டன். அவ படம் எடுக்கேல்ல. ஒருக்காச் சுத்தி வந்தா. பிறகு குனிஞ்சு, கதவின்ர உள்விளிம்பைக் கையால தடவினா. பெயின்ற் படாத இடம். அதில கத்தியால கீறின நாலு கோடு இருக்கு. நாங்கள் அதைப் பெரிசா எடுக்கேல்ல.

"இது மூத்த நானா," எண்டு அண்ணன்ர மேல் கோட்டைத் தொட்டா. "இது நான். வருசப் பிறப்புக்கு எங்கட உயரத்த அளந்து வாப்பா கீறுவார். ஏலத்தில எடுத்தவர் இத, அறுத்து விக்க. கொண்டாந்த பிறகு அறுக்க மனம் வரல்ல. விதைநெல்லு வெச்சிருந்தார் உள்ளுக்கு."

பிறகு என்னைப் பாத்துக் கேட்டா: "இத நீங்க எங்க எடுத்த?"

"கொழும்பில," எண்டன். யோசிக்கக்கூட இல்லை. "ஏலத்தில."

"அப்படியா," எண்டா. மிச்சத்தையும் அவவே சொன்னா. காணி உறுதி தொண்ணூறில போச்சு. மிஞ்சினது ஒரு பழைய வரைபடத் துண்டுதான். அதில கிணறும் பிளேனும் கீறியிருக்கு. கிணறு மண் விழுந்து தூந்துபோச்சு. பிளேன் நிக்கிற இடத்தக் காட்டினா காணி உங்கடதெண்டு எழுதலாம் எண்டு காணிக் கந்தோரில சொல்லியிருக்கினம். "அதிகாரியக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா பிளேனக் காணல்ல. அடுத்த மாசம் விசாரணை. காட்டாட்டி அரசாங்கக் காடு எண்டு எழுதிருவாங்க. அதுக்குப் பிறகு எங்களுக்கு வேற இடம் இல்ல."

"உங்கட பிளேனும் இதே மாதிரியோ?" எண்டு கேட்டன் பாருங்கோ, பம்மாத்துக்காரி.

"இதே மாதிரித்தான்," எண்டா. தேத்தண்ணி குடிக்கச் சொன்னன், வேண்டாம் எண்டிட்டா. குடையை விரிச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தா. அவவுக்கு விளங்கியிட்டுது. அவவுக்கு விளங்கினது எனக்கும் விளங்கியிட்டுது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த மனிசனுக்குச் சொன்னன். சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சார். "உன்னாலதான்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி நாலு சொல்லிச் சண்டை பிடிச்சு ஆறியிருப்பன். சொல்லேல்ல. அடுத்த நாள் கோயிலுக்குப் போடுற சேட்டைப் போட்டுக்கொண்டு மறிச்சுக்கட்டிக்கு பஸ் ஏறினார். ஆசியா உம்மாவிட்ட, "நான்தான் எடுத்தனான்" எண்டு சொல்லிப்போட்டு வந்தார். நாங்கள் எண்டுகூட இல்லை, நான் எண்டு.

விசாரணைக்கு ரெண்டு பேரும் அந்தக் காணிக்கே போனம். றொகானுக்கு எடுத்தால் போன் வேலை செய்யேல்ல. காணி அதிகாரி கேட்டார், "எந்த இடத்தில நிண்டது?" சந்தியோகு சுத்திச் சுத்திப் பாத்தார். எல்லாப் பக்கமும் முள்ளு. ஒரு மாரி முழுக்கப் பெஞ்சு முடிஞ்சிருக்கு. "இஞ்சதான்" எண்டார். பிறகு, "இல்லை, கொஞ்சம் அங்கால" எண்டார். தடத்தை அவ்வளவு வடிவா மூடச் சொல்லி விட்டவள் பக்கத்திலதான் நிண்டனான்.

அதிகாரி பேனையை மூடினார். "ஐயா, காணி கேக்கிறவவின்ர சொல்லையும் களவெடுத்த ஆளின்ர சொல்லையும் மட்டும் வைச்சு என்னால எழுதேலாது. பிளேன் நிண்டதைக் கண்ட ஆக்கள் நாலைஞ்சு பேரைக் கொண்டு வாங்கோ. ரெண்டு கிழமை தாறன்."

களவெடுத்த ஆள். வேலைக்கு வந்த எஞ்சினில மிஞ்சின ஒரு ஆணியையும் தாளில சுத்தித் திருப்பிக் குடுக்கிற மனுசனுக்கு அந்தப் பேர். நான்தான் எல்லாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். வாய் எனக்குத்தான் எண்டனே, அண்டைக்கு அது திறக்கேல்ல.

"கண்ட ஆக்கள் புத்தளம், கற்பிட்டி எண்டு சிதறிப் போச்சு," எண்டா ஆசியா உம்மா. "ரெண்டு கிழமையில ஆர எங்க போய்த் தேட?"

வீட்டை வந்து அறிவித்தல் கொப்பியை எடுத்தன். அந்த மூண்டு ஞாயிறும் வாசிச்ச பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில, பிளேன் நிண்டதைக் கண்ட ஆக்கள் வரச்சொல்லி எழுதினன். வெள்ளிக்கிழமை தனிய மறிச்சுக்கட்டிக்குப் போய், பள்ளிவாசல் தலைவர் சரிபுதீன் மாஸ்ரரிட்டக் குடுத்தன். நிண்டபடி வாசிச்சார்.

"இது முந்தியே வந்திருக்கணும்," எண்டார்.

"ஓம்," எண்டன்.

ஜும்ஆ முடிய வாசிச்சார். நான் றோட்டுக்கு அங்கால வேம்புக்குக் கீழ நிண்டு லவுட்ஸ்பீக்கரில கேட்டன். ஒரு நிமிசம்கூட இல்லை. செருப்பைப் போட முதல் ஒரு கிழவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளிய வந்தார்: "நான் அதுக்குள்ள ஒளிச்சு விளையாடின ஆள்!" இன்னொருத்தர் புத்தளத்துப் பள்ளிவாசலுக்குப் போன் எடுத்துக் கடதாசியைச் சொல்லி எழுத வைச்சார்.

ரெண்டாம் விசாரணை நாள் ஒரு வான் நிறைய வந்து இறங்கினவை, பதினாலு பேர். ஒருத்தரும் சுத்திப் பாக்கேல்ல. நேர நடந்துபோய் ஒரு இடத்தில நிண்டு, நாங்கள் போட்ட முள்ளை இழுத்து எறிஞ்சினம். மண்ணைக் கிளறச் செங்கல்லு வந்தது, சில்லுக்கு அடியில வாப்பா அடுக்கின கல்லு. அதிகாரி எழுதினார். பேப்பர் இன்னும் மேல போய் வரோணும். ஆனால் காடு எண்டு எழுதேல்ல.

பிளேனைத் திருப்பிக் கொண்டுபோனது ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்ச கையோட, ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க. அந்த எஞ்சினில ஒரு ஆணியைக்கூட சந்தியோகு தனக்கெண்டு எடுத்து வைக்கேல்ல. கல்லுக்கு மேல சில்லை ஏத்தி விட்டிட்டு, "பெயின்ற் அடிச்சதுக்குக் கோவிக்காதேங்கோ உம்மா" எண்டார். "பரவால்ல தம்பி" எண்டா. "செட்டை பழைய மாதிரிப் பொருந்தேல்ல" எண்டார். "பரவால்ல" எண்டா. கொழும்பில எடுத்தது எண்டு பொய் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேட்டன். அதுக்கும், "பரவால்ல தங்கச்சி, பயந்திருப்பீங்க" எண்டா.

தகரக் கொட்டிலுக்க கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. அப்ப கேட்டா:

"கோயில்ல மூணு கிழமை சொன்னீங்களாமே. எங்கட பள்ளியில ஏன் சொல்லல்ல?"

சந்தியோகு அவசரமா வாயைத் திறந்தார். "அது நான்தான் மறந்து..."

"மறக்கேல்ல," எண்டன். "இவர் சொல்லுவம் எண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். சொன்னால் நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்."

ஆசியா உம்மா என்னைப் பாத்தா. நான் அந்தச் சொல்லுக்குக் காத்துக்கொண்டு இருந்தன். பெயின்ற்றுக்குச் சொன்னா, செட்டைக்குச் சொன்னா, பொய்யுக்கும் சொன்னா.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க," எண்டா.

குடிச்சன். இதுக்கு மட்டும் அவ பரவால்ல எண்டு இண்டைவரைக்கும் சொல்லேல்ல.